தேர்ச்சி இருக்கிறது, வாசிப்பு எங்கே?

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 2023ஆம் ஆண்டு மாநிலத்திலேயே அதிகத் தேர்ச்சி விகிதம் பெற்ற மாவட்டம் பெரம்பலூர் (97.67%). அடுத்த ஆண்டு அந்த இடம் அரியலூருக்குக் கிடைத்தது (97.31%). 2025இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் 98.82 சதவீதத் தேர்ச்சியுடன் அரியலூரே முதலிடம் பிடித்தது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் மானாவாரிக் குடும்பங்களின் பிள்ளைகள், நீண்ட காலம் பின்தங்கிய பகுதி என்றே பேசப்பட்ட ஒரு நிலப்பரப்பிலிருந்து இந்த உயரத்தை எட்டியிருக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஆசிரியர்களின் உழைப்பு இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை.

ஆனால், இன்னோர் எண்ணும் நம்முன் இருக்கிறது. ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையிலானவர்களிடம் ‘அசர்’ அமைப்பு 2023இல் நடத்திய ஆய்வில், ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதத்தினர். அவர்களிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரால்தான் படித்ததன் பொருளைச் சொல்ல முடிந்தது. பெருக்கிப் பார்த்தால், நூற்றுக்கு 42 பேர்தான் ஓர் எளிய ஆங்கில வாக்கியத்தைப் புரிந்து படிக்கிறார்கள். இது 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களைக் கொண்டு கணக்கிடப்பட்ட தேசிய அளவிலான எண். தமிழ்நாட்டில் அந்த ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் பெரம்பலூர் என்பதை மட்டும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

தேர்ச்சியும் வாசிப்பும் ஒன்றல்ல என்பதைக் கல்லூரி வகுப்பறையில் பல ஆண்டுகள் நேரில் கண்டிருக்கிறேன். ஆங்கிலத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்று வந்த மாணவர்களின் குறிப்பேடுகளில், ஆங்கில விடைகள் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒலியை மனப்பாடம் செய்து, தேர்வன்று அதை ஆங்கில எழுத்துக்கு மாற்றி எழுதும் அசாத்தியத் திறமை அது. அந்த உழைப்பில் பாதியை மொழியைப் புரிந்துகொள்வதில் செலவிட நாம் வழிகாட்டியிருந்தால், பொருளியல் பாடநூலின் முதல் பக்கத்திலேயே அவர்கள் திகைத்து நின்றிருக்க மாட்டார்கள்.

வாசலுக்கு வந்த ஆலைகள்: இந்தப் பழைய குறையைப் பற்றி இப்போது பேசுவதற்குப் புதிய காரணம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் தொழில் பூங்காவும், அதில் காலணிப் பூங்காவுக்கான அடிக்கல்லும் வந்தன. ஓராண்டுக்குள் அங்கே ஆலை இயங்கத் தொடங்கியது. 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில், தைவானின் டீன் ஷூஸ் குழுமம் ரூ.1,000 கோடி முதலீட்டில் அமைக்கும் காலணி ஆலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். 15,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்பது அறிவிப்பு. எறையூர்த் திட்டத்திலும் தைவான் நிறுவனங்களின் கூட்டு உண்டு.

இதன் பொருள் என்ன? மாண்டரின் சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட தொழில்நுட்பர்களும் மேலாளர்களும், தமிழை மட்டுமே அறிந்த நம் பெண்களும் ஒரே கூரையின்கீழ் நிற்கப்போகிறார்கள். இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்தான். இருவருக்குமே அது பள்ளியில் கற்ற மொழி. வீட்டில் பேசும் மொழியன்று. நம் பிள்ளைகள் ஆங்கிலம் என்றவுடன் ஒரு வெள்ளைக்காரரையோ சென்னையின் கான்வென்ட் மாணவரையோ மனதில் நிறுத்தி அஞ்சுகிறார்கள். எதிரே வரப்போகிறவரோ, தம்மைப் போலவே இலக்கணப் புத்தகத்துடன் மல்லுக்கட்டிய ஒருவர்.

ஆலைக்குள் ஆங்கிலம் எங்கே தேவைப்படுகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் ஒட்டுவதற்கும் பெட்டியில் அடுக்குவதற்கும் ஆங்கிலம் வேண்டாம், கைத்திறன் போதும். ஆனால், அந்த வரிசையை மேற்பார்வையிட, தரச்சோதனை அறிக்கையை நிரப்ப, பசையின் வேதிப்பொருள் எச்சரிக்கையைப் படிக்க, வெளிநாட்டு வணிகச் சின்னத்தின் தணிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஆங்கிலம் வேண்டும். ஊதிய ஏணியில் முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் இந்த வாசிப்புத் திறன்தான். உள்ளூரில் அத்திறன் கிடைக்காவிட்டால் நிறுவனம் காத்திருக்காது. வெளியூரிலிருந்து ஆளை அழைத்துக்கொள்ளும்.

இந்த மாவட்டங்களுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பல சிமென்ட் ஆலைகள் வந்தன. நிலமும் கல்லும் உள்ளூருடையவை, நல்ல நாற்காலிகள் வெளியூருடையவை என்ற மனக்குறை இங்கே பல பத்தாண்டுகளாகக் கேட்கிறது. காலணி ஆலைகளிலும் அதே கதை தொடருமா என்பதை ஆலை வாசலில் போராடித் தீர்மானிக்க முடியாது. ஆறாம் வகுப்பு அறையில்தான் தீர்மானிக்க முடியும்.

எதிரே நிற்பவர் எப்படிக் கற்றார்? தைவானில் ஆங்கிலம் தொடக்கப் பள்ளியின் கட்டாயப் பாடமாக நுழைந்தது 2001இல்தான். அதுவும் ஐந்தாம் வகுப்பிலிருந்து. 2005இல் அது மூன்றாம் வகுப்புக்கு இறங்கியது. சீனாவும் 2001இல் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் என்று முடிவெடுத்தது. நாமோ ஒன்றாம் வகுப்பிலிருந்தே கற்பிக்கிறோம். ஆண்டுக் கணக்கில் நாம் பின்தங்கவில்லை.

சீன மொழி மாணவர்களின் வழி, இலக்கணமும் வாசிப்பும்தான். எல். ஜி. அலெக்சாண்டர் 1967இல் வெளியிட்ட ‘நியூ கான்செப்ட் இங்கிலீஷ்’ என்ற நான்கு தொகுதிப் பாடநூல் சீனாவில் பல தலைமுறைகளின் துணையாக இருந்தது. சிறு சிறு கதைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கணக் கூறு. படித்துப் படித்து வாக்கிய அமைப்பு மனதில் பதியும். உயர்கல்விக்கான ‘காவ்காவ்’ தேர்வில் சீனம், கணிதம் ஆகியவற்றுக்கு இணையாக ஆங்கிலத்துக்கும் 150 மதிப்பெண். அதில் வாசித்துப் புரிந்துகொள்வதற்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பத்தாண்டு படித்தும் வாய் திறந்து பேச இயலாத நிலையைச் சீனர்களே ‘ஊமை ஆங்கிலம்’ என்று கேலி செய்கிறார்கள். ஒரு சிறு பகுதியை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரித்து, வாரக்கணக்கில் அதையே ஆராயும் வகுப்பறை அங்கே வழக்கம். ஆழம் இருந்தது, அளவு இல்லை. நூறு பக்கம் படிக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கத்தை நூறு முறை படித்தால், தேர்வு எழுதலாம். மொழி வாயில் வராது. நம் வகுப்பறையின் நோயும் ஏறத்தாழ இதுதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அவர்கள் அந்த ஒரு பக்கத்தையாவது புரிந்து படித்தார்கள். நாம் அதையும் வழிகாட்டி நூலிலிருந்து மனப்பாடம் செய்கிறோம்.

இன்னொரு பாடமும் அங்கிருந்து உண்டு. தைவானின் பொறியாளர்கள் இயற்பியலையும் கணிதத்தையும் பள்ளியில் தம் மொழியில்தான் கற்றார்கள். 2018 டிசம்பரில் அந்நாட்டு அரசு, 2030க்குள் இருமொழி நாடாவது என்ற இலக்கை அறிவித்தது. அதன்படி பிற பாடங்களையும் ஆங்கிலத்தில் கற்பிக்க முயன்றபோது, பாடமும் புரியாது, மொழியும் வராது என்று அங்குள்ள ஆசிரியர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. பெற்றோரின் விருப்பம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்குவது வேறு; ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. தமிழ்வழியில் அறிவியல் படிக்கும் பிள்ளை, ஆங்கிலப் பாடவேளையில் முறையாக ஆங்கிலம் கற்றால், இரண்டிலும் இழப்பில்லை.

தமிழ் இலக்கணம் என்ற முதலீடு: இலக்கணம் என்றால் விதிகளின் பட்டியல் என்று நினைத்து, ‘பேச்சு ஆங்கிலம்’ கற்றுத்தரும் வணிகங்கள் அதை வேண்டாத சுமையாக விளம்பரம் செய்கின்றன. கேட்டுக் கேட்டே மொழி வருவதற்கு நாள் முழுவதும் அம்மொழி காதில் விழ வேண்டும். செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ வாழும் ஒரு பிள்ளைக்கு அந்தச் சூழல் கிடையாது. சூழல் இல்லாத இடத்தில் இலக்கணம்தான் குறுக்குவழி. அந்தக் குறுக்குவழிக்கான விளக்கு நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது தமிழ் இலக்கணம்.

தமிழ் வினைமுற்று காலத்தோடு திணை, பால், எண், இடம் அனைத்தையும் காட்டும். ‘வந்தாள்’ என்ற ஒரே சொல்லில், வந்தது ஒருத்தி என்பதும், அது முடிந்த செயல் என்பதும் அடங்கிவிடுகின்றன. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை அறிவாள். ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு நிகழ்கால வினையின் இறுதியில் சேரும் ‘ஸ்’ ஒலி, நம் மொழி முழுமையாகச் செய்யும் வேலையின் ஒரு சிறு எச்சம் என்று சொன்னால் அவளுக்குப் புரியும். ‘அதிசயமான விதி’ என்று சொன்னால் பயப்படுவாள். சீன மொழி பேசுபவருக்கு இதுதான் பெரும் சிக்கல். அவர் மொழியில் காலத்துக்கோ இடத்துக்கோ ஏற்ப வினைச்சொல் உருமாறாது. அவன், அவள் இரண்டுக்கும் பேச்சில் ஒரே ஒலி. ஒரு தைவான் மேலாளர் ஆங்கிலத்தில் ஒரு பெண்ணை ‘அவன்’ என்று சுட்டிவிட்டால், அதில் அவமதிப்பு ஏதுமில்லை; தாய்மொழியின் பழக்கம் அது.

சொல்வரிசையில் நிலைமை தலைகீழ். ‘பையன் மாம்பழத்தைத் தின்றான்’ என்பதை ‘மாம்பழத்தைப் பையன் தின்றான்’ என்று மாற்றினாலும் தமிழில் பொருள் மாறாது; இரண்டாம் வேற்றுமை உருபு காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காவல் இல்லை. இடம் மாறினால் மாம்பழம் பையனைத் தின்றுவிடும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற வரிசையே அங்கு வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. சீன மொழியின் அடிப்படை வரிசையும் அதுவே என்பதால் அவருக்கு இது எளிது. பயனிலையைக் கடைசியில் வைத்துப் பழகிய நமக்குக் கடினம்.

இருவருமே தடுமாறும் இடங்களும் உண்டு. ‘எ’, ‘தி’ என்று பெயருக்கு முன்னால் கட்டாயமாக ஒரு சொல்லை வைக்கும் வழக்கம் இரு மொழிகளிலும் இல்லை. ‘நேற்றுப் பழுதான இயந்திரம்’ என்று பெயரெச்சத் தொடரை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் வைப்பது தமிழுக்கும் சீனத்துக்கும் பொது. ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடும். பெயரெச்சம் என்ற கருத்தை அறிந்த பிள்ளையிடம் இந்த ஒரு மாற்றத்தைக் காட்டிவிட்டால், நீண்ட ஆங்கில வாக்கியங்களில் பாதி அச்சம் விலகிவிடும். ஆங்கில வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்ற விதி, கையில் இருக்கும் முதலீட்டைப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

வாசிப்பு வெள்ளம்: இலக்கணம் வழிகாட்டும், நடக்க வைப்பது வாசிப்பு. இதற்கு ஒரு நல்ல சான்று ஃபிஜித் தீவுகளில் கிடைத்தது. வார்விக் எலி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள், 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள கிராமப்புறப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் படங்கள் நிறைந்த 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். வேறு பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பிள்ளைகள் நாள்தோறும் படித்தார்கள், அல்லது ஆசிரியருடன் சேர்ந்து படித்தார்கள். எட்டு மாதங்களில் அவர்களின் வாசிப்பு முன்னேற்றம், வழக்கமான வகுப்புகளைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பயன் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. அவர்களும் நம்மைப் போல, வீட்டில் ஆங்கிலம் பேசாத கிராமத்துப் பிள்ளைகள்தாம்.

இதைச் செய்யத் தேவையானவை நம்மிடம் ஏற்கெனவே பாதி இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நான்கு படிநிலைகளில் சிறு தமிழ் நூல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியது. அதே கதைகளுக்கு எளிய ஆங்கில வடிவம் தயாரிக்கலாம். தமிழில் படித்துச் சிரித்த கதையை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை, பொருளைத் தேடித் தடுமாற மாட்டாள்; மொழியை மட்டும் கவனிப்பாள். பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் படிநிலை வாரியான கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரம்பலூரில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் புத்தகத் திருவிழா நடக்கிறது. வாசிப்பின் அருமை தெரியாத ஊர் அன்று இது.

செலவைக் கணக்கிடுவோம். ஒரு நூலுக்கு 50 ரூபாய், ஒரு வகுப்பறைக்கு 100 நூல்கள் என்று வைத்தால் 5,000 ரூபாய். ஐந்தாண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 1,000 ரூபாய். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 25 ரூபாய். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பயன்தரும் கல்வி முதலீட்டை நான் அறியேன். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலிருந்து வரும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில், கல்வி முன்னுரிமைத் துறைகளில் ஒன்று. அரியலூருக்கு நிதி இல்லை என்று சொல்வதற்கில்லை.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, ஆறாம் வகுப்பு முதல் நாள்தோறும் ஒரு பாடவேளையில் பாதியைக் கேள்வியோ தேர்வோ இல்லாத ஆங்கில வாசிப்புக்கு ஒதுக்க வேண்டும். இரண்டாவது, தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஆங்கில இலக்கணத்தை விளக்கும் அறுபது பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் தயாரித்து ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தர வேண்டும். மூன்றாவது, பொதுத் தேர்வில் பாடநூலில் இல்லாத பகுதிகளைப் படித்து விடையளிக்கும் வினாக்களின் பங்கைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். வினாத்தாள் மாறாமல் வகுப்பறை மாறாது. நான்காவது, ஆலைகள் தம் தொழிலாளர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம், ஊதியத்துடன், ஆங்கில வாசிப்பு வகுப்பு நடத்த வேண்டும். மானிய நிலமும் சலுகைகளும் பெறும் நிறுவனங்களிடம் அரசு இதைக் கேட்பதில் தவறில்லை. முதல் மூன்றும் பள்ளியில் இருப்பவர்களுக்கு. நான்காவது, பள்ளியை விட்டுப் போய்விட்டவர்களுக்கு.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. பாதுகாப்பு அறிவிப்பு, பணி ஒப்பந்தம், ஊதியச் சீட்டு, வைப்புநிதி விவரம் ஆகியவை தமிழில் இருக்க வேண்டும் என்பது தொழிலாளியின் உரிமை. ஆங்கிலம் கற்கச் சொல்வது அந்த உரிமையைக் கைவிடுவதற்கான சாக்காகக் கூடாது. கைப்பேசியே மொழிபெயர்த்துவிடும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களும் உண்டு. கைப்பேசி கட்டளையை மொழிபெயர்க்கும். ஆனால், கூட்டத்தில் ‘இந்த முறையில் வீணாகும் பொருள் அதிகம், இப்படிச் செய்து பார்க்கலாம்’ என்று எழுந்து சொல்லும் துணிச்சலை அது தராது. அந்தத் துணிச்சல் உள்ளவரைத்தான் மேற்பார்வையாளராக்குவார்கள்.

ஜெயங்கொண்டத்திலிருந்து சில கல் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் இங்கிருந்து சீன தேசத்துக்குத் தூதர்கள் போனார்கள். கடல் கடந்த வணிகம் நடந்தது. அப்போதும் இடையில் ஏதோ ஒரு பொது மொழி வேண்டியிருந்திருக்கும். அதைக் கற்றவர்கள் பேரம் பேசியிருப்பார்கள், கல்லாதவர்கள் மூட்டை சுமந்திருப்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு சீன மொழி பேசுபவர்கள் நம் ஊருக்கே தொழில் தொடங்க வந்திருக்கிறார்கள். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பெண், ஏழு ஆண்டுகளில் அந்த ஆலை வாசலில் நிற்பாள். அவள் கையில் இருக்கும் சான்றிதழில் தேர்ச்சி என்று நிச்சயம் எழுதியிருக்கும். வாசலில் தொங்கும் அறிவிப்பை அவள் படித்துப் புரிந்துகொள்வாளா என்பது இந்தக் கல்வியாண்டில் நாம் செய்யப்போவதைப் பொறுத்தது.